வெளுத்துப் போன சாட்சி

“செருப்பைக் கழட்டுனா போதும் ஷஃபீக். மூளையையும் சேத்து வாசல்லயே கழட்டி வச்சிடாத.”

காலை பத்தரை மணிக்கு, முதலியார்பேட்டையில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் வைத்து ஒரு மனுஷனிடம் அவன் முதலாளி பேசுகிற பேச்சா இது? ஆனால் சந்திரகலா மேடத்திடம் எட்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதெல்லாம் பழகிப் போயிருக்கும். எங்களுடையது துப்பறியும் நிறுவனம். போர்டில் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மேடம், நான், ஒரு டேபிள் ஃபேன். மூன்று பேரில் ஓய்வெடுப்பது ஃபேன் மட்டும்தான்.

“மூளை வீட்டுலயே இருக்குது மேடம். காலையில ஹாஜிரா திட்டுனப்ப அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன்.”

“பரவால்ல. இருக்கிற கண்ணை வச்சாவது வேலை பாரு. பன்னெண்டு மணி வரைக்கும்தான் நேரம்.”

எதற்குப் பன்னிரண்டு மணி? சொல்லிவிடுகிறேன்.

நேற்று, திங்கட்கிழமை, துர்கா என்று ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்து அழுதாள். அவள் அப்பா கலியபெருமாள் இந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டக்காரர். வீட்டுக்காரர் புருஷோத்தமன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அல்ஜீரியாவில் அவர் வாங்கிய மெடல் ஞாயிற்றுக்கிழமை முதல் காணவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஜூலை பதினாலு. பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் எங்கள் ஊர் விடாமல் கொண்டாடுகிற பிரெஞ்சுக்காரர் விழா. பழைய சொல்தாக்கள் எல்லாரும் மெடலை மாட்டிக்கொண்டு கடற்கரை வரைக்கும் ஊர்வலம் போகிற நாள். இறந்துபோனவர் மெடலை அவர் வீட்டு ஆள் ஏந்திக்கொண்டு போவார்.

புருஷோத்தமனின் மனைவி அமிர்தவல்லியம்மாள் ஞாயிறு ராத்திரியே கலியபெருமாளைக் கூப்பிட்டு, “செவ்வாக்கெழமை மத்தியானம் வரைக்கும் டைம் தரேன். கொண்டாந்து வச்சிட்டா ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இல்லன்னா ஸ்டேஷனுக்குப் போவேன்” என்று சொல்லிவிட்டாராம். அன்று முதல் அந்த மனுஷன் சாப்பிடவில்லை. “தண்ணிகூட கட்டாயப்படுத்தித்தான் சார் குடிக்க வைக்கிறேன்” என்றாள் துர்கா.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அப்பாவும் மகளும் எதிர்ச் சாரியில் இருக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கலியபெருமாள் கையில் டீ கிளாஸ் இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

“வாங்க வாங்க” என்று கதவைத் திறந்தவர் சக்கரபாணி. புருஷோத்தமனின் தங்கை மகன். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஏதோ கம்பெனியில் ஆபீஸ் உத்தியோகம். நாற்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, கோடு போட்ட மாதிரி மீசை. “துப்பறியிறவங்களா? எதுக்கு மேடம் வீண் அலைச்சல்? யார் எடுத்தான்னுதான் தெரிஞ்சு போச்சே.”

“தெரிஞ்சு போன விஷயத்தைத் தெரிஞ்சிக்கிறதுல எனக்கு ஒரு ஆசை” என்றபடி மேடம் உள்ளே போய் உட்கார்ந்தார்.

கூடத்தில் தேக்கு மரத்தில் ஒரு ஷோகேஸ். என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். அதன் உச்சியில் சுவரை ஒட்டிப் புருஷோத்தமன் படம். படத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் மூன்று வெள்ளைப் பூ. ஷோகேஸின் கீழ் டிராயரில்தான் மெடல் இருந்ததாம். டிராயர் சாவி எப்போதும் படத்துக்குப் பின்னால்.

“சாவி அங்க இருக்கிறது யார் யாருக்குத் தெரியும்மா?”

“வீட்டுக்கு வரவங்க போறவங்க எல்லாருக்குந்தான் தெரியும்” என்றார் அமிர்தவல்லியம்மாள். அழுதழுது கண் இமை வீங்கியிருந்தது. “வெள்ளிக்கெழமை காலையில அவருக்குப் பூ வச்சிட்டு, அக்கா பேத்தி வளைகாப்புக்குக் காரைக்கால் போனேன். உள்ள இருக்கிற தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தணுமேன்னு வாசச் சாவிய கலியபெருமாள்கிட்ட குடுத்தேன். சனிக்கெழமை சாயந்தரம் அவன் சாவிய இதோ இவங்கிட்ட குடுத்துட்டு, பாகூர்ல ஒரு காதுகுத்துக்குப் போயிட்டான். ஞாயித்துக்கெழமை ராத்திரிதான் வந்தான்.”

“சாவிய நான் எங்க வீட்டு ஆணியில மாட்டுனதோட சரி” என்றார் சக்கரபாணி. “ஞாயித்துக்கெழமை சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி அத்தையக் கூட்டிட்டு வந்துதான் கதவையே தொறந்தேன். டிராயர் காலி. நான் உடனே போட்டோ எடுத்து வச்சிட்டேன், போலீசுக்குக் காட்டணும்ல?”

செல்போனை நீட்டினார். புதுசு, கேமரா வைத்தது. வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்க மனசு வரவில்லை. படத்தில் தேதி இருந்தது. ஞாயிறு, மாலை ஆறு பத்து. திறந்த டிராயர், ஷோகேஸ், மேலே புருஷோத்தமன், டம்ளர், பூ.

மேடம் படத்தைப் பார்த்தார். அண்ணாந்து டம்ளரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“பூவ யாரும்மா மாத்துனது?”

“என்னாது?”

“போட்டோவுல மூணு பூவும் நல்ல ஊதா. கத்திரிக்காய்க் கலரு. இப்ப மேல இருக்கிறது மூணும் வெள்ளை.”

அமிர்தவல்லியம்மாள் அலுத்துக்கொண்டார். “நான் எதையும் தொடலம்மா. வெள்ளிக்கெழமை வச்சா அடுத்த வெள்ளிக்கெழமைதான் மாத்துவேன். பூவா இப்ப முக்கியம்?”

“அத்தை மறந்துபோயி மாத்தியிருப்பாங்க” என்றார் சக்கரபாணி.

“எனக்கு முட்டி வலிடா. ஸ்டூல் போட்டு ஏறி எறங்குனத மறப்பேனா?”

நான் சும்மா இருக்கக் கூடாதா? வாயை விட்டேன். “அப்ப ஊதாப் பூவே வெள்ளையா மாறியிருக்குமோ மேடம்?”

சக்கரபாணி சிரித்தார் பாருங்கள், எனக்குக் காது சுட்டது. “என்னா பாய், பூ எங்கயாவது வெளுக்குமா? துணியா அது? நாள் ஆக ஆக நிறம் ஏறத்தான் செய்யும். எங்க வீட்டு வாசல்ல ரங்கூன் மல்லி இருக்கு. பூக்கிறப்ப வெள்ளை, மறுநா ரோஸு, அப்புறம் செவப்பு. வெள்ளைன்னா புதுசு, நிறம் ஏறுனா பழசு.”

வாஸ்தவம். எங்கள் வீட்டு காம்பவுண்டிலும் ரங்கூன் மல்லிதான். ஊரில் பாதிக் கொடி அதுதான். நான் உடனே கட்சி மாறினேன். “ஆமா மேடம், சார் சொல்றது சரி. ஞாயித்துக்கெழமை ஊதாவா இருந்ததுதான் வெள்ளிக்கெழமை வச்ச பூ. நிறம் ஏறியிருக்கு. இப்ப இருக்கிறத யாரோ புதுசா மாத்தியிருக்காங்க.”

“எதிராளிக்கு வக்கீல் வேலை பாக்கிறதுக்கா உனக்கு நான் சம்பளம் தரேன்?” என்று எழுந்தார் மேடம். “வா, செடியப் பாத்துட்டு வருவம்.”

செடி வீட்டுக்குப் பின்னால், கிணற்றடி நிழலில் இருந்தது. ஆள் உயரப் புதர். தோல் மாதிரி தடித்த இலை. உடம்பெல்லாம் பூ. ஊதா, இளம் ஊதா, வெள்ளை, மூன்று நிறமும் ஒரே கிளையில். அடியில் ஒரு பழைய பிரம்பு நாற்காலி கிடந்தது.

“இதோட பேரு ப்ரன்ஃபெல்சியா. இது யாருக்குச் சொந்தம் சொல்லு பாப்பம்.”

“புருஷோத்தமன் சாருக்கு.”

“கத்திரிக்காய்க்கு” என்றார் மேடம். “கத்திரி, தக்காளி, மிளகாய், ஊமத்தை எல்லாம் இதுக்குப் பங்காளிங்க. ஒரே குடும்பம்.”

“ஊமத்தையுமா? அப்ப குடும்பத்துல விஷமும் உண்டுன்னு சொல்லுங்க.”

“எந்தக் குடும்பத்துலதான் இல்ல? சரி, குனிஞ்சு கீழ பாரு. என்னா தெரியுது?”

குனிந்தேன். முதுகு ‘கடக்’ என்றது. “உதிர்ந்த பூ மேடம். ரெண்டு நாளா யாரும் கூட்டல போல.”

“என்னா கலரு?”

“வெள்ளை.”

“எல்லாமேவா?”

புரட்டிப் பார்த்தேன். நாற்காலிக்கு அடியில் பார்த்தேன். கிணற்றுச் சுவர் ஓரம் தள்ளிப் பார்த்தேன். ஒரு ஊதாகூட இல்லை. எல்லாம் வெள்ளை, சிலது ஓரத்தில் பழுப்பு.

“இப்ப மொட்டப் பாரு.”

கிளை நுனியில் விரியப் போகிற மொட்டுக்கள். அத்தனையும் கரு ஊதா.

எனக்கு மெல்ல மெல்ல உறைத்தது. எங்கள் வீட்டு ரங்கூன் மல்லி உதிர்ந்தால் தரையெல்லாம் சிவப்பாகக் கிடக்கும். ஹாஜிரா பெருக்கிப் பெருக்கித் திட்டுவாள். அங்கே மொட்டு வெளுப்பு, உதிர்வது சிவப்பு. இங்கே எல்லாம் தலைகீழ்.

“மேடம்! இது ஊதாவாப் பூத்து வெள்ளையா உதிருது!”

“அப்பாடா. மூளைய ஹாஜிரா ஆட்டோவுல அனுப்பி வச்சிட்டா போலிருக்கு. மொத நாள் ஊதா, ரெண்டாம் நாள் இளம் ஊதா, மூணாம் நாள் வெள்ளை. பறிச்சுத் தண்ணியில வச்சாலும் அதே கணக்குத்தான். போனது திரும்பாது.”

“அப்ப வெள்ளிக்கெழமை வச்ச பூ...”

“ஞாயித்துக்கெழமை சாயந்தரம் வெள்ளையா இருந்திருக்கணும். போட்டோவுல நல்ல ஊதா. அந்தப் பூ ஞாயித்துக்கெழமை பூத்தது, ஞாயித்துக்கெழமை பறிச்சது. இன்னிக்கு மூணாம் நாள், அதான் வெளுத்திருக்கு.”

“ஞாயித்துக்கெழமை சாவி கலியபெருமாள்கிட்ட இல்ல. ஆணியில தொங்கிச்சு.” நான் நிமிர்ந்தேன். “ஆனா மேடம், மெடல் திருட வந்தவன் எதுக்குப் பூ வைக்கணும்? பக்தியா?”

“அதுக்குப் பதில் சமையக்கட்டுல இருக்கும்னு நெனைக்கிறேன்” என்று விறுவிறுவென நடந்தார்.

உள்ளே போனதும் மேடம் கேட்ட கேள்வி அமிர்தவல்லியம்மாளுக்கே விசித்திரமாக இருந்திருக்கும். “அந்த மாதிரி டம்ளர் மொத்தம் எத்தனைம்மா இந்த வீட்டுல?”

“ஆறு. அவரு பிரான்ஸ்லேர்ந்து வரப்ப கொண்டாந்தது. ஒண்ணு அவரு படத்துக்கு. அஞ்சு அலமாரியில.”

நான் சமையலறை அலமாரியைத் திறந்தேன். எண்ணினேன். திரும்ப எண்ணினேன். “நாலுதான் இருக்குது.”

“நாலா? இருக்காதே!” அந்த அம்மாள் எழுந்தே விட்டார்.

மணி பதினொன்று ஐம்பது. சக்கரபாணி வாட்சைப் பார்த்தார். “அத்தை, நேரம் ஆவுது. டம்ளர் கணக்கு எடுத்துட்டிருந்தா ஸ்டேஷன்ல ரைட்டர் சாப்பாட்டுக்குப் போயிடுவாரு.”

“ரெண்டே நிமிஷம்” என்றார் மேடம். “ஷஃபீக், ஷோகேஸ முன்னால இழு.”

“நானா?”

“நான் இழுத்தா நல்லாவா இருக்கும்?”

காலையில் சாப்பிட்டது இரண்டே இரண்டு இட்லி. அந்த இரண்டு இட்லியையும் கூப்பிட்டு, அல்லாவையும் கூப்பிட்டு இழுத்தேன். ஒரு சாண் நகர்ந்தது. மேடம் டார்ச் அடித்தார். நான் கையை விட்டுத் துழாவினேன். முதலில் தூசி. அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளர். வாய்ப்பக்கம் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக் காய்ந்து, மூன்று பூ.

உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினேன். மூன்றும் வெள்ளை.



“வெள்ளிக்கெழமை நீங்க வச்ச பூ இதுதாம்மா” என்றார் மேடம். “ஞாயித்துக்கெழமை பகல்ல ஒருத்தர் உள்ள வந்தாரு. படத்துக்குப் பின்னால இருக்கிற சாவிய எட்டி எடுத்தாரு. கை தட்டி, டம்ளர் பக்கவாட்டுல உருண்டு பின்னால இருக்கிற சந்துல விழுந்துடுச்சு. உள்ள என்னா கலர் பூ இருந்துச்சின்னு அவரு பாக்கவே இல்ல. ஷோகேஸ நகத்துனா தரையில தடம் விழுமேன்னு வுட்டுட்டாரு. சரின்னு அலமாரியிலேர்ந்து இன்னொரு டம்ளர எடுத்தாரு. பூ பறிக்கப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனாரு. அங்க வெள்ளையும் இருக்கு, ஊதாவும் இருக்கு. வெள்ளிக்கெழமை வச்ச பூ ரெண்டு நாள் பழசாத் தெரியணும்ல? அதனால நல்லா நிறம் ஏறுன பூவாப் பாத்துப் பறிச்சி வச்சாரு.” சக்கரபாணி பக்கம் திரும்பினார். “புத்திசாலித்தனந்தான். ரங்கூன் மல்லியா இருந்திருந்தா நான் ஏமாந்து போயிருப்பேன்.”

“என்னா மேடம் கதை விடறீங்க! இத கலியபெருமாளே...”

“கலியபெருமாளா? இருவத்திரண்டு வருஷமா இந்தச் செடிக்குத் தண்ணி ஊத்துறவரு. அவரா இருந்தா கண்ண மூடிக்கிட்டு வெள்ளைப் பூவ வச்சிருப்பாரு. இந்தத் தப்ப அவரால செய்யவே முடியாது சார்.”

அமிர்தவல்லியம்மாள் அந்தச் செல்போன் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இது வெளுக்கும்னு எனக்குத் தெரியுமேம்மா... அவரு நாற்காலியில ஒக்காந்து தெனம் சொல்லுவாரே. மெடல் போன துக்கத்துல பூவ நான் பாக்கலியே.” பிறகு மருமகனைப் பார்த்தார். “சக்கரபாணி. எங்கடா இருக்கு?”

சக்கரபாணி மீசையைத் தடவினார். ஒரு நிமிஷம் தாக்குப் பிடித்தார். கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்?

“ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில” என்றார். அப்புறம் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. “விக்கிறதுக்கு எடுக்கல அத்தை. சத்தியமா இல்ல. மாமாவோட மெடல இந்த வருஷம் கலியபெருமாள் தூக்கிட்டு நடக்கணும்னு சொன்னீங்களே, அது நியாயமா? ரத்த சம்பந்தம் நான் ஒருத்தன் இருக்கேன். ஊரே பாக்கிற எடத்துல தோட்டக்காரன் முன்னால போவான், நான் ரோட்டோரம் நின்னு வேடிக்கை பாக்கணுமா? வெள்ளிக்கெழமை தாண்டுனதும் திருப்பி வச்சிடலாம்னுதான் நெனச்சேன்.”

“அதுக்குள்ள அவன் ஜெயிலுக்குப் போயிருப்பானேடா!”

சக்கரபாணி பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

“உங்க மாமா மூணு வருஷம் கை கால் வராம கெடந்தாரு” என்றார் அமிர்தவல்லியம்மாள். குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “தெனம் காலையில அவரத் தூக்கியாந்து அந்தச் செடி கிட்ட நாற்காலியில ஒக்கார வச்சது கலியபெருமாள். சாயந்தரம் தூக்கியாந்து படுக்க வச்சதும் அவந்தான். நீ எத்தனை நாள் வந்து தூக்குன? சொல்லு. ஒரு நாள் சொல்லு. அவரையே தூக்குனவன் அவரு மெடலத் தூக்கக் கூடாதா?”

சக்கரபாணி சாவியை என்னிடம் நீட்டினார். போய் எடுத்து வந்தேன். கைக்குட்டையில் சுற்றி, பம்பு, ஸ்பேனரோடு கிடந்தது. அமிர்தவல்லியம்மாள் அதை முந்தானையால் துடைத்தார். செருப்புகூடப் போடாமல், ஜூலை மாத வெயிலில், தெருவைக் கடந்து டீக்கடைக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

கலியபெருமாள் பதறி எழுந்தார். டீ தளும்பியது. “அம்மா, கால் சுடும்மா. நான் வரமாட்டனா?”

“கலியபெருமாளு, நான் தப்புப் பண்ணிட்டேன். உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுப்பா.” டீக்கடைக்காரர், பெஞ்சில் இருந்தவர்கள், துர்கா எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னார். மெடலை அவர் பக்கம் நீட்டினார். “வெள்ளிக்கெழமை நீதான் எடுத்துட்டுப் போகணும்.”

துர்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் தூசி பட்ட மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேடம் கவனித்துவிட்டார், அதிசயமாக ஒன்றும் சொல்லவில்லை.

கலியபெருமாள் மெடலைத் தொடவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த வீட்டு அம்மாவை ஒருமுறை நேராகப் பார்த்தார்.

“கோவம் இருக்குதும்மா. இல்லன்னு சொன்னா பொய்.”

அமிர்தவல்லியம்மாள் தலையை ஆட்டினார். “இருக்கத்தாம்பா செய்யும்.”

“நேத்து வரைக்கும் பயந்தான் இருந்துச்சி. கோவம் இன்னிக்குத்தான் பூத்திருக்குது.” பெஞ்சில் உட்கார்ந்தார். “வெள்ளிக்கெழமைக்குள்ள வெளுத்துடும். அன்னிக்கு வரேன்.”

ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.